இரும்புச் சத்துக்கு ஏறாத ரத்தம்: பெருங்குடல் அழற்சியோடு சேர்ந்து வரும் சிவப்பணுச் சிதைவு

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு வயது 26. நான்கு ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சிக்கு மெசலமைன் மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். ஆடி மாதத்தில் மறுபடியும் ரத்தமும் சளியுமாகப் போக ஆரம்பித்தது. ஹீமோகுளோபின் 10.4 இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், பிறகு இரும்பு ஊசியும் போட்டார்கள். வயிற்றுப்போக்கு குறைந்த பிறகும் ஹீமோகுளோபின் 6.8க்கு இறங்கிவிட்டது. கண் மஞ்சளாக இருந்ததால் காமாலை என்று நினைத்து இரண்டு வாரம் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் வைத்தோம். பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது, கூம்ப்ஸ் பரிசோதனை பாசிட்டிவ், உடம்பே தன் சிவப்பணுக்களை அழிக்கிறது என்றார்கள். ரத்தம் ஏற்ற முனைந்தபோது ரத்த வங்கியில் ஒரு பைகூடப் பொருந்தவில்லை என்று இரவு முழுக்கக் காத்திருந்தோம். விடியற்காலையில்தான் ஒரு பை கிடைத்தது. இப்போது பிரெட்னிசலோன் 50 மி.கி. சாப்பிட்டு மூன்று வாரத்தில் 9.2 ஆகியிருக்கிறது. குடல் மருத்துவர் அசதியோபிரின் தொடங்கலாம் என்கிறார். ரத்தவியல் மருத்துவர் தேவைப்பட்டால் ரிட்டுக்ஸிமாப் என்கிறார். எங்கள் உறவினரான அறுவை மருத்துவர் மண்ணீரலை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்கிறார். இது ரத்தப் புற்றுநோயா? இரண்டும் ஒரே நோயா? யார் சொல்வதைக் கேட்பது? அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம், அதை நிறுத்திவிட வேண்டுமா? அறிக்கைகளின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களை இரவில் தூங்கவிடாத கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியுள்ள அறிக்கைகளில் ரத்தப் புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. வெள்ளணுக்கள் எண்ணிக்கையிலும் வகையிலும் சரியாக உள்ளன. தட்டணுக்கள் 2.3 லட்சம் இருக்கின்றன. சிவப்பணுச் சிதைவுக்குப் பின்னால் சில நேரங்களில் நிணநீர்ச் சுரப்பி நோய் ஒன்று மறைந்திருக்கக்கூடும் என்பதற்காகவே மருத்துவர்கள் வயிற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அதில் வீங்கிய நிணநீர்க் கணு எதுவும் தென்படவில்லை, மண்ணீரல் மட்டும் சற்றே பெரிதாக இருக்கிறது. உங்கள் மகளுக்கு வந்திருப்பது தன்னெதிர்ப்புச் சிவப்பணுச் சிதைவு. நோய்க்கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள் சொந்தச் சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டப்பட்ட அந்த அணுவை மண்ணீரல் அழிக்கிறது. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான்.

மாதக்கணக்கில் இரும்புச் சத்து கொடுத்து நாளை வீணாக்கிவிட்டோமே என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டாம். பெருங்குடல் அழற்சி உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால், ரத்தம் மலத்தோடு போவதால் இரும்பு குறைந்திருக்கிறது என்று எண்ணுவதே இயல்பு, பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். நாட்பட்ட அழற்சியே எலும்பு மஜ்ஜையை மந்தமாக்கிவிடுவது அடுத்த காரணம். இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்ற நினைவு வர வேண்டிய இடம் எதுவென்றால், வயிற்றுப்போக்கு குறைந்த பிறகும் ஹீமோகுளோபின் இறங்குவதும், இரும்பு கொடுத்தும் ஏறாமல் இருப்பதும், கூடவே கண் மஞ்சளாவதும் ஒன்றுசேரும் இடம்தான். பெருங்குடல் அழற்சி உள்ள நூறு பேரில் இரண்டு பேருக்கும் குறைவானவர்களுக்கே இது வருகிறது. அதனால் ஒரு மருத்துவர் பல ஆண்டுகள் பணியாற்றியும் ஒருவரைக்கூடப் பார்க்காமல் இருக்க முடியும். இருந்தாலும் இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தொடர்பு அல்ல. பெருங்குடல் அழற்சி நோயாளிகளின் சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் படிந்திருப்பதை 1955லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் நான்கு நோயாளிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் அறிக்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்ப்போம். பாடம் நடத்தியவர் நீங்கள், எண்களைக் கண்டு மிரள மாட்டீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 240, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 34 விழுக்காடு. அழற்சி இல்லாதவருக்கு ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்போம். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் 100 வரைகூட இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொள்வோம். 240ஐயும் 34 விழுக்காட்டையும் சேர்த்துப் பார்த்தால் இரும்பு போதிய அளவு இருக்கிறது. போட்ட ஊசியும் அதில் ஒரு பங்கு, மண்ணீரலில் உடையும் அணுக்களின் இரும்பு உடம்புக்கே திரும்பிவிடுவதும் ஒரு பங்கு. சிவப்பணுவின் சராசரி அளவு 104 என்று இருக்கிறது. இரும்பு குறைந்தால் அணு சிறுத்துப் போகும், இங்கே பெருத்திருக்கிறது. ஏனென்றால் ரெடிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் 14 விழுக்காடு இருக்கின்றன, நலமாக இருப்பவருக்கு அது 2 விழுக்காட்டைத் தாண்டாது, இளம் அணு முதிர்ந்த அணுவைவிடப் பெரியது. மஜ்ஜை முழு மூச்சாக உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது, ஆனால் 120 நாள் வாழ வேண்டிய அணு சில நாட்களிலேயே அழிகிறது என்பது இதன் பொருள். அணு உடைந்தால் ஏறும் எல்.டி.எச். என்னும் நொதி 780. மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் மொத்தம் 3.8, அதில் 3.1 கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத மறைமுக வகை. கல்லீரலோ பித்தக்குழாயோ பழுதாகி வரும் காமாலையில் நேர்முக வகைதான் கூடியிருக்கும், ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி ஏறியிருக்கும். அதை நான் குறிப்பாகத் தேடிப் பார்த்தேன். பெருங்குடல் அழற்சி உள்ளவர்களில் சிலருக்குப் பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய் ஒன்று வருவதுண்டு, மஞ்சள் கண்ணோடு வரும் எந்தக் கோலைடிஸ் நோயாளியிடமும் அதை விலக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த நொதியின் அளவு சரியாகவே இருக்கிறது.

ஹேப்டோகுளோபின் என்னும் ரத்தப் புரதம் சரியான அளவில் இருக்கிறதே, பிறகு எப்படிச் சிதைவு என்கிறார்கள் என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நுட்பமான கேள்வி. அணு உடையும்போது அந்தப் புரதம் குறைய வேண்டும் என்பது உண்மை. ஆனால் அழற்சி இருக்கும்போது கல்லீரல் அதைக் கூடுதலாகச் சுரக்கும். ஒரு பக்கம் செலவும் மறு பக்கம் வரவுமாக நடுவில் வந்து நின்றுவிட்டது. குடல் கொதித்துக்கொண்டிருக்கும் காலத்தில் ஹேப்டோகுளோபினை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

உறுதி செய்தது கூம்ப்ஸ் பரிசோதனை. 1945இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட முறை அது. கூம்ப்ஸ் கால்நடை மருத்துவம் படித்தவர் என்பதைக் கேட்டு என் மாணவர்கள் வியப்பார்கள். நோயாளியின் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று முறை கழுவி, மனித எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு திரவத்தை அதில் இரண்டு சொட்டு விட்டு, மையச்சுழற்சிக் கருவியில் ஒரு சுற்று சுற்றி எடுப்போம். குழாயின் அடியில் சிவப்பணுக்கள் ஒரு பொத்தான்போல் படிந்திருக்கும். குழாயை மெல்லச் சாய்த்துத் தட்டும்போது, நலமான ரத்தம் என்றால் அந்தப் பொத்தான் கரைந்து புகைபோல மேலே எழுந்து பரவிவிடும். எதிர்ப்பொருள் படிந்த ரத்தம் என்றால் கரையாது, துண்டு துண்டாக, கட்டியாக நகரும். உங்கள் மகளுடைய அறிக்கையில் உள்ள மூன்று கூட்டல் குறிகள், சில பெரிய கட்டிகளாகவே நகர்ந்தது என்பதைச் சொல்கின்றன. ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தவரும் இதையே எழுதியிருக்கிறார். சிவப்பணு, விரலால் நடுவில் அழுத்திய மாவு உருண்டைபோல் குழிந்து, நடுவில் வெளிறி இருக்க வேண்டும். மண்ணீரலில் உள்ள விழுங்கணுக்கள் எதிர்ப்பொருள் ஒட்டிய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுப்பதால், தோல் குறைந்த அணு வேறு வழியின்றிச் சிறு பந்தாகச் சுருண்டு, நடுவெளிர்ப்பு இல்லாமல் அடர்ந்து தெரியும். அப்படிச் சுருண்டவையும், அவற்றுக்கு நடுவே நீலம் பாய்ந்த பெரிய இளம் அணுக்களுமாக அந்தச் சில்லு இருந்திருக்கிறது.

கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்பது மட்டுமே நோய் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குடல் அழற்சி உள்ள சிலருக்குச் சிதைவே இல்லாமல் அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆக இருப்பதுண்டு. ரெடிகுலோசைட், எல்.டி.எச்., பிலிருபின், அணுக்களின் தோற்றம் எல்லாம் ஒரே பக்கம் விரல் நீட்டும்போதுதான் மருந்து தொடங்க வேண்டும். உங்கள் மகளுக்கு எல்லாம் ஒரே பக்கம்தான் நீட்டின.

ரத்த வங்கி வாசலில் கழிந்த அந்த இரவைப் பற்றி நீங்கள் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உறவினர்கள் எட்டுப் பேர் ரத்தம் கொடுக்கக் கைநீட்டியும் ஒருவருடையதும் சேரவில்லை என்றது எவ்வளவு அச்சத்தைத் தந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அங்கே நடந்தது அலட்சியம் அல்ல. உங்கள் மகளின் எதிர்ப்பொருள் குறிவைப்பது, ஏறக்குறைய எல்லா மனிதர்களின் சிவப்பணுவிலும் பொதுவாக இருக்கும் ஒரு பகுதியை. அதனால் சொந்தத் தம்பியின் ரத்தம் ஆனாலும் ஊர் பேர் தெரியாதவரின் ரத்தம் ஆனாலும் சோதனைக் குழாயில் ஒரே மாதிரிதான் கட்டிப்படும். அந்த இரைச்சலுக்கு அடியில், வேறொருவரின் ரத்தத்துக்கு எதிரான உண்மையான எதிர்ப்பொருள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் ரத்த வங்கிக்கு அத்தனை மணி நேரம் பிடித்தது. இதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொள்ளாத, கருவுறாத பெண் என்பதால் அப்படி ஒளிந்திருக்கும் வாய்ப்பு குறைவு. அதை உறுதி செய்துகொண்டு, இருப்பதில் மிகக் குறைவாக மோதும் பையை எடுத்து, மெதுவாக, செவிலியர் அருகிலேயே இருந்து ஏற்றியிருக்கிறார்கள். சரியான செயல். மறுபடி இப்படி ஒரு நிலை வந்தால், பொருந்தவில்லை என்ற சொல்லைக் கேட்டு நீங்களும் தயங்கக் கூடாது, மருத்துவரையும் தயங்க விடக் கூடாது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, நினைவு தடுமாறுகிறது என்ற நிலையில் இவ்வகையில் பொருந்தாத ரத்தமும் உயிரைக் காக்கும், ஏற்றாமல் விடுவதே ஆபத்து.

இரண்டும் ஒரே நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். நோய் எதிர்ப்பு அமைப்பில் நேர்ந்த ஒரே தடுமாற்றம் குடலில் ஒரு முகமும் ரத்தத்தில் ஒரு முகமும் காட்டுகிறது என்று கொள்வதே இன்றுள்ள சான்றுகளுக்குப் பொருந்துகிறது. புண்பட்ட பெருங்குடலின் சுவர் வழியே உள்ளிருக்கும் பொருள்கள் கசிய, அவற்றுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள் சிவப்பணுவின் மேலுள்ள ஒத்த பகுதியையும் தவறாகப் பிடித்துக்கொள்கிறது என்று கருதப்படுகிறது. பெருங்குடல் முழுவதும் அழற்சி பரவியவர்களுக்கும், பெண்களுக்கும், நோய் சீறிக்கொண்டிருக்கும் காலத்திலும் இது கூடுதலாகக் காணப்படுவது இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனாலும் இரண்டும் எப்போதும் கைகோத்தே நடப்பதில்லை. சிலருக்குக் குடல் அமைதியாக இருக்கும்போது ரத்தம் சிதையும். சிலருக்குக் குடல் நோய் வெளிப்படுவதற்கு ஆண்டுகள் முன்பே ரத்தச் சிதைவு வந்துவிடும். ஆகவே பேதி நின்றுவிட்டது, இனி ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள்.

மாத்திரையால் வந்திருக்குமோ என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெருங்குடல் அழற்சிக்குப் பழைய மருந்தான சல்ஃபசலசின், ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுவை உடைக்கும், ஆனால் அதில் கூம்ப்ஸ் பரிசோதனை நெகட்டிவ் ஆக இருக்கும். மெசலமைனால் இப்படி நேர்வது மிக மிக அரிது, நான்கு ஆண்டுகள் தொல்லை தராத மருந்தின்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. ஆடி மாதத்தில் மருத்துவமனையில் போட்ட ஆன்டிபயாடிக் ஊசிகளின் பெயர்கள் என்ன? செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற ஊசிகள் எதிர்ப்பொருள் வழியாகச் சிவப்பணுவைச் சிதைப்பது நன்கு அறியப்பட்டது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் குறிப்பை எடுத்துப் பார்த்து, அப்படி எதுவும் இருந்தால் ரத்தவியல் மருத்துவரிடம் தேதியோடு காட்டுங்கள்.

இனி மருத்துவம். பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மி.கி. என்ற கணக்கில் உங்கள் 48 கிலோ மகளுக்கு 50 மி.கி. கொடுத்திருப்பது முறையானது. இந்த மருந்துக்கு நூற்றில் எழுபது, எண்பது பேர் மூன்று வாரத்துக்குள் இசைவு காட்டுவார்கள், உங்கள் மகளும் காட்டியிருக்கிறார். குடலுக்கும் அதே மருந்து உதவுகிறது. ஆனால் ஸ்டீராய்டைக் குறைக்கும்போதோ நிறுத்திய பிறகோ பலருக்குச் சிதைவு திரும்பிவிடும். அதனால் சில வாரங்களில் 20 மி.கி. அளவுக்கு இறக்கி, அதன் பிறகு மாதக்கணக்கில், ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் ஹீமோகுளோபினையும் ரெடிகுலோசைட்டையும் பார்த்துப் பார்த்து நகர வேண்டும். முகம் வீங்கிவிட்டது என்று அவராகவே மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

மருந்தோடு சேர்த்து ஃபோலிக் அமிலம் நாள்தோறும் வேண்டும். ஓயாமல் உற்பத்தி செய்யும் மஜ்ஜை அதை வேகமாகத் தீர்த்துவிடும். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும். ஸ்டீராய்டால் ஏறக்கூடும் என்பதால் சர்க்கரையை விரல் நுனிக் கருவியில் பாருங்கள். மூன்று மாதச் சராசரி என்று எடுக்கும் எச்.பி.ஏ1சி பரிசோதனை இவருக்கு உதவாது, சிவப்பணு சில நாளே வாழ்வதால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். ‘5.1 தான் இருக்கிறது, சர்க்கரை இல்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு மருந்து சொல்வது உங்களுக்கு முரணாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அசதியோபிரின் முழுப் பலன் தர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அது குடலையும் அடக்கும், எதிர்ப்பொருள் உற்பத்தியையும் குறைக்கும். ஸ்டீராய்டின் நிழலில் அதை இப்போதே தொடங்கினால், ஸ்டீராய்டு இறங்கும் நேரத்தில் அது பொறுப்பேற்கும். ரிட்டுக்ஸிமாப், ஸ்டீராய்டுக்கு அடங்காத அல்லது குறைக்கும்போது திரும்பிவிடுகிற சிதைவுக்கு. உங்கள் ரத்தவியல் மருத்துவரும் ‘தேவைப்பட்டால்’ என்றுதானே சொன்னார்? என் கருத்தும் அந்த வரிசைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது. அசதியோபிரின் சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், தலைமுடி கொத்தாக உதிரும். இந்தியர்களிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம் நட்15 என்னும் மரபணுவில் உள்ள மாறுபாடு. பரிசோதிக்க வசதி இருந்தால் தொடங்கும் முன் பாருங்கள், இல்லையென்றால் சிறிய அளவில் தொடங்கி முதல் மாதம் வாரந்தோறும் ரத்த அணுக்களை எண்ணுங்கள். ரிட்டுக்ஸிமாப் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி கிருமி ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அதோடு, அந்த மருந்து அரிதாகச் சிலருக்குப் பெருங்குடல் அழற்சியைக் கிளப்பிவிட்டதும் பதிவாகியிருக்கிறது. ரத்தவியல் மருத்துவர் எழுதும் மருந்தைக் குடல் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இருவரும் வேறு வேறு மருத்துவமனையில் இருந்தால், ஒருவரின் குறிப்பை மற்றவரிடம் எடுத்துச் செல்லும் வேலை உங்களுடையது. தயங்காமல் இருவரையும் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். பிற்பாடு குடலுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி தேவைப்படலாம். நம் நாட்டில் அதற்கு முன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடிப் பார்ப்பது தவிர்க்க முடியாதது.

மண்ணீரலை இப்போது எடுக்க வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. உங்கள் உறவினர் சொன்னது ஆதாரமற்றது அல்ல. ரிட்டுக்ஸிமாப் வருவதற்கு முன்பு ஸ்டீராய்டுக்கு அடுத்த படி அதுவாகவே இருந்தது, பலர் குணமும் அடைந்தார்கள். ஆனால் உங்கள் மகளின் நிலையில் கணக்கு வேறு. பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கு நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. சிவப்பணு சிதைவதும் தன் பங்குக்கு அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. மண்ணீரலை எடுத்தால் கல்லீரலுக்குப் போகும் பெருநாளத்தில் உறைவு ஏற்படுவது தெரிந்த சிக்கல். மூன்றையும் ஒரே பெண்ணின் வயிற்றில் ஒரே நேரத்தில் அடுக்குவது சரியல்ல. அதற்கு மேல், மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளால் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும், அந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் தொடரும். மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்டு, குடல் அமைதியாக இருக்கும் ஒரு காலத்தில், குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகளைப் போட்டுவிட்டு யோசிக்க வேண்டியது அது. பெருங்குடலை எடுத்துவிட்டால் ரத்தமும் சரியாகுமா என்று யாரேனும் கேட்டால், சிலருக்கு அப்படி ஆனதுண்டு. ஆனால் ரத்தச் சிதைவுக்காக மட்டும் குடலை எடுக்கக் கூடாது, குடலே மருந்துக்கு அடங்காதபோதுதான் அந்தப் பேச்சு எழ வேண்டும்.

உறைவு பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, காரணமில்லாமல் மூச்சுத் திணறினாலோ ரத்தசோகையின் களைப்பு என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். மருத்துவமனையில் படுக்கையில் இருக்கும் நாட்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடச் சொல்வார்கள். மலத்தில் ரத்தம் போகும்போது ரத்தத்தை இளக்கும் ஊசியா என்று பல குடும்பங்கள் மறுக்கின்றன. அந்த ஊசி வேண்டும்.

தட்டணுக்கள் இப்போது சரியாக இருக்கின்றன. ஆனாலும் அவற்றையும் கண்காணிக்கச் சொல்கிறேன். இதே தடுமாற்றம் தட்டணுக்களையும் குறிவைக்கலாம். சிவப்பணுவும் தட்டணுவும் சேர்ந்து அழியும் நிலையை 1951இல் ராபர்ட் எவன்ஸ் விவரித்தார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். குடல் அழற்சி சீறும்போது தட்டணுக்கள் வழக்கமாகக் கூடும், 4.5 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே பேதி அதிகமாக இருக்கும்போது தட்டணு குறைவாக வந்தால் அது இயல்புக்கு மாறானது, உடனே காரணம் தேட வேண்டும். நம் ஊரில் மழைக்காலத்தில் தட்டணு குறைந்தால் எல்லோரும் டெங்கு என்பார்கள். காய்ச்சல் இல்லாமல், காலில் கடுகு அளவுச் சிவப்புப் புள்ளிகள் தோன்றி, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாமல் இருந்தால், அது டெங்கு இல்லை என்று எடுத்துக்கொண்டு பப்பாளி இலைச் சாற்றில் நாளைக் கடத்தாமல் ரத்தவியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபன் எப்போதும் வேண்டாம். அவை குடலையும் கிளப்பும், தட்டணுவின் வேலையையும் கெடுக்கும்.

கீழாநெல்லி கொடுத்ததற்கு வருந்த வேண்டாம். நம் வீடுகளில் மஞ்சள் கண்ணைக் கண்டால் கை தானாக அந்தச் செடியைத்தான் தேடும். சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக அதைச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எப்படியானாலும் அது கல்லீரல் காமாலை பற்றிய பேச்சு. இங்கே கல்லீரல் குற்றமற்றது, உடைந்த அணுக்களின் மஞ்சளைச் சுமந்து திணறுகிறது, அவ்வளவுதான். பத்தியம் என்று உப்பு, எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தியதுதான் தீங்கு. ஏற்கெனவே 5 கிலோ இளைத்த பெண்ணுக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர், கீரை எல்லாம் சாப்பிடட்டும். பேதி கடுமையாக இருக்கும் நாட்களில் மட்டும் நார் மிகுந்தவற்றைக் குறைத்தால் போதும். மாதுளையும் பீட்ரூட்டும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ரத்தம் ஊறும் என்று நம்பி மருந்தைத் தள்ளிவைக்காதீர்கள். இரும்பு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவிடலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குடலில் மறுபடி ரத்தக் கசிவு தொடங்கினால் அளவு பார்த்துத் தொடரலாம்.

வரன் பற்றிக் கடைசியில், தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். திருமணத்துக்கு மருத்துவத் தடை எதுவும் இல்லை. தொற்றும் நோய் அல்ல இது. பெருங்குடல் அழற்சி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றில் சிலருக்கே அது வருகிறது, பெரும்பாலான குழந்தைகள் நலமாக இருப்பார்கள். ஆறு மாதமாவது குடலும் ரத்தமும் அமைதியாக இருந்த பிறகு கருவுறுவது நல்லது. மெசலமைனையும் அசதியோபிரினையும் கர்ப்பத்திலும் தொடரலாம், ரிட்டுக்ஸிமாப் போட்டால் அதன் பிறகு ஓராண்டு காத்திருக்கச் சொல்வோம். இவருடைய எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகக்கூடிய வகை என்பதால் பிறந்த குழந்தையின் மஞ்சளைக் கூர்ந்து பார்க்க வேண்டும், பெரும்பாலும் அது லேசாகவே இருக்கும். ஆகவே வரன் தேடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மறைத்துச் செய்யாதீர்கள். கணவர் வீட்டில் மருந்தை ஒளித்து ஒளித்துச் சாப்பிட நேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேளை தவறுவார்கள், பரிசோதனைக்கு வர முடியாமல் போகும், அப்புறம் ஹீமோகுளோபின் 5 ஆனபின் ஆம்புலன்ஸில் வருவார்கள். எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும். உடம்பு அவருடையது, அறிக்கையைப் படிக்கத் தெரிந்த வயது.

ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் நோயின் பெயர், கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்ற குறிப்பு, ரத்த வகை, ரத்தம் ஏற்றிய தேதி, எந்த ரத்த வங்கி, இப்போது சாப்பிடும் ஸ்டீராய்டின் அளவு, இரண்டு மருத்துவர்களின் தொலைபேசி எண் இவற்றை உங்கள் மகளையே தன் கையால் எழுதச் சொல்லி, கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிறுநீர் கட்டங்காப்பிபோல் கறுத்தாலோ, நடந்து நான்கு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, அடுத்த நாள் புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அந்த அட்டையோடு அதே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ரத்த வங்கியில் இவருடைய பழைய மாதிரியின் குறிப்பு இருக்கும், அடுத்த பைக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டியிராது.